முகவரிப் பட்டியலும் தேசப்படத்தின் சிவப்புப் புள்ளிகளும்

வெள்ளமோ மண்சரிவோ நாட்டைத் தாக்கும் ஒவ்வொரு தடவையும், நிவாரணப் பொருட்களுக்கு முன்னதாகவே தயாராவது ஒரு பட்டியல். குடும்பத் தலைவரின் பெயர், அங்கத்தவர் தொகை, முகவரி, தொலைபேசி இலக்கம் என நிரல்கள் வகுக்கப்பட்டுத் தொகுக்கப்படும் இப்பட்டியல் ஒரு காலத்தில் றோணியோ தாளில் கைமாறியது. இன்று அது கணினி விரிதாளாக மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் பயணிக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைச் சூறையாடியபோதும் இத்தகைய பட்டியல்களே முதலில் புறப்பட்டன. அவற்றை அப்படியே இணையத் தேசப்படமாக மாற்றிவிட்டால் எங்கு எத்தனை குடும்பங்கள் சிக்குண்டுள்ளன என்பதை ஒரே பார்வையில் அறியலாமே என்ற எண்ணம் பல இளைஞர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

மலையக நகரொன்றில் இயங்கிய தொண்டர் குழுவொன்று அவ்வாறு தயாரித்த தேசப்படமொன்றை அந்நாட்களில் நாம் பார்க்க நேர்ந்தது. பட்டியலில் ஏறத்தாழ 400 குடும்பங்கள் இருந்தன. தேசப்படத்திலோ அறுபது புள்ளிகள்கூட இல்லை. மிகுதிக் குடும்பங்கள் எங்கே என்று கேட்டபோது, ஓர் இளைஞர் நகர மணிக்கூட்டுக் கோபுரத்தின் மீதிருந்த சிவப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். அந்த ஒரு புள்ளியின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றன்மீது ஒன்றாகக் கிடந்தன. இன்னொரு புள்ளி நீர்த்தேக்கத்தின் நடுவில் நின்றது. கணினி எங்கும் 'தெரியவில்லை' என்று கூறியிருக்கவில்லை.

இந்தப் புள்ளிகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டிய காலம் இது.

பட்டியலால் சொல்ல முடியாத ஒன்றைத் தேசப்படம் சொல்லிவிடும் என்பதில் ஐயமில்லை. பெயர்களின் அகரவரிசையில் அமைந்த பட்டியலில் அடுத்தடுத்த வீட்டார் பத்துப் பக்க இடைவெளியில் நிற்பர். தேசப்படத்தில் அவர்கள் மீண்டும் அயலவராகின்றனர். இதற்கு உலகம் எடுத்துக்காட்டும் உதாரணம் லண்டன் மருத்துவர் ஜோன் ஸ்னோவினுடையது. 1854 ஓகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியில் கொலரா வெடித்தபோது, அவர் பதிவாளர் அலுவலகத்திலிருந்து இறந்தோரின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொரு முகவரிக்கும் நேரில் சென்றார். மரணங்கள் புரோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பியைச் சூழ்ந்திருந்தமை அவருக்குத் தெளிவாயிற்று. செப்டெம்பர் 8 ஆம் திகதி அப்பம்பியின் கைப்பிடி கழற்றப்பட்டது. மரணங்களைக் கரிய கோடுகளாகக் குறித்த அவரது புகழ்பெற்ற தேசப்படம் பின்னரே அச்சேறியது.

இக்கதையில் பெரும்பாலும் சொல்லாது விடப்படும் பகுதியே நமக்கு முக்கியமானது. இறந்தோருள் ஒருவர் நகரின் மறுபுறத்தில், ஹம்ஸ்டெட்டில் வாழ்ந்த விதவை. அவரது முகவரியை மட்டும் பார்த்தால் புரோட் வீதிக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ஆனால் முன்னர் அவ்வீதியில் வாழ்ந்த அவர், அந்த நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் ஒரு போத்தலில் அதைத் தருவித்துக் குடித்து வந்தார். மறுபுறத்தில், பம்பிக்கு மிக அருகிலிருந்த அநாதரவானோர் விடுதியில் 500 பேருக்கும் மேல் இருந்தும் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. இவ்விரண்டையும் ஸ்னோ விசாரித்தே அறிந்தார். தேசப்படத்தில் குறித்தமையால் மட்டும் அல்ல.

இன்று அதே வேலையைக் கணினி சில விநாடிகளில் செய்கின்றது. 2005 பெப்ரவரியில் கூகுள் நிறுவனம் தனது இணையத் தேசப்படத்தை வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே ஏட்ரியன் ஹொலோவாட்டி என்ற இளம் ஊடகவியலாளர், சிக்காகோ பொலிஸார் பகிரங்கப்படுத்திய குற்றப் பதிவுகளை அத்தேசப்படத்தின் மீது பரப்பிக் காட்டினார். ஜூன் மாதத்தில், பிறரும் தமது தரவுகளைத் தேசப்படத்தில் இடுவதற்கான வழியைக் கூகுள் முறைப்படி திறந்துவிட்டது. அதற்கு முன்னர் நில அளவையாளரும் புவியியல் துறையினரும் மாத்திரம் கையாண்ட ஒரு கலை, விரிதாளைத் திறக்கத் தெரிந்த எவரது கைக்கும் வந்து சேர்ந்தது. பத்திரிகைத் துறையில் இது ஏற்படுத்திய உற்சாகம் சிறிதன்று. நாமும் அதிலிருந்து தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முகவரியை அகலாங்கு, நெட்டாங்கு எனும் இரு எண்களாக மாற்றும் இச்செயலைப் புவிக்குறியிடல் என்பர். கணினிக்கு வீடு தெரியாது. அதனிடம் இருப்பது இன்னொரு பெரிய பட்டியல். நாம் கொடுக்கும் எழுத்துக்களை அப்பட்டியலிலுள்ள எழுத்துக்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தெரிவு செய்கின்றது. பொருந்தும் வீட்டிலக்கம் கிடைக்காவிடில் அது கணக்குப் போடும். ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் 1970 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் காலந்தொட்டு வளர்த்தெடுத்த முறை இது. வீதியின் ஒரு துண்டில் ஒரு பக்கம் 100 முதல் 198 வரையான இரட்டை எண்கள், மறுபக்கம் 101 முதல் 199 வரையான ஒற்றை எண்கள் என்று மட்டும் பதிவாகியிருக்கும். 148 ஆம் இலக்க வீடு எங்கே என்று கேட்டால், அந்தத் துண்டின் ஏறத்தாழ நடுவில் என்று கணினி பதிலளிக்கும். வீடுகள் சீரான இடைவெளியில், ஒழுங்கான எண்களுடன் நிற்கும் நகரங்களில் இக்கணக்குப் பெரிதும் பிழைப்பதில்லை.

வீதியும் பொருந்தாவிட்டால் ஊரின் நடுப்புள்ளி. ஊரும் பொருந்தாவிட்டால் மாவட்டத்தின் நடுப்புள்ளி. கூகுளின் சேவை தான் தரும் ஒவ்வொரு விடையோடும் நான்கு தரங்களுள் ஒன்றைக் குறித்தே அனுப்புகின்றது: கூரைமீதே வைக்கப்பட்டது, இரு இலக்கங்களுக்கிடையே கணிக்கப்பட்டது, வீதியின் அல்லது பிரதேசத்தின் நடுவில் வைக்கப்பட்டது, வெறும் அண்ணளவானது. ஆனால் அத்தரத்தைச் சேமித்து வைப்போர் மிகச் சிலரே. தேசப்படத்தில் நான்குக்கும் ஒரே சிவப்புப் புள்ளிதான். முகவரி எழுதியவரின் ஐயம், எழுத்தரின் தடுமாற்றம், கணினியின் ஊகம் யாவும் அப்புள்ளிக்குள் மறைந்துவிடுகின்றன. பட்டியலிலுள்ள அரைகுறை முகவரி தன்னைப் பார்ப்பவரிடம் குறையை மறைப்பதில்லை. அதிலிருந்து பிறந்த புள்ளியோ முழுமையான அறிவின் தோற்றத்துடன் நிற்கின்றது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் திணைக்களத்துக்கு நேர்ந்தது இதுவே. குற்றங்கள் நிகழ்ந்த இடங்களைப் பொதுமக்களுக்குக் காட்ட அத்திணைக்களம் இணையத் தேசப்படமொன்றை நடத்தி வந்தது. 2009 ஏப்ரலில் 'லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்' பத்திரிகை அதனை ஆராய்ந்தபோது, நகரிலேயே குற்றம் மலிந்த இடமாகத் தோன்றியது பொலிஸாரின் புதிய தலைமையகத்துக்கு மிக அண்மையிலிருந்த ஒரு சந்தி. ஆறு மாத காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குற்றங்கள் அங்கே நிகழ்ந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. உண்மையில் கணினியால் இனங்காண முடியாத முகவரிகள் யாவும், 'லொஸ் ஏஞ்சல்ஸ்' என்ற பெயருக்குரிய நடுப்புள்ளியில் கொட்டப்பட்டிருந்தன. இதனால் உண்மையிலேயே குற்றம் நிகழ்ந்த அயல்கள், இருப்பதிலும் அமைதியானவையாகத் தோற்றமளித்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

இதனினும் விசித்திரமானது கன்சாஸ் மாநிலப் பண்ணை வீடொன்றின் கதை. இங்கு பேசப்படுவது தபால் முகவரியன்று, கணினிகளின் இணைய முகவரி. எனினும் நோய் ஒன்றே. இணைய முகவரிகளுக்கு இடங்குறிக்கும் நிறுவனமொன்று, 'ஐக்கிய அமெரிக்காவில் எங்கோ' என்பதற்கு மேல் எதுவும் தெரியாதவற்றுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் வசதியான முழு எண்களைக் கொண்ட ஓர் இடத்தைக் கொடுத்திருந்தது. அகலாங்கு 38, நெட்டாங்கு 97 மேற்கு. அவ்விடத்திற்கு அருகிலிருந்த பண்ணை வீட்டின் தலைமீது ஏறத்தாழ 60 கோடி இணைய முகவரிகள் வந்து விழுந்தன. மோசடிக்காரரைத் தேடியும் காணாமற்போனோரைத் தேடியும் பொலிஸாரும் வரி அதிகாரிகளும் பல்லாண்டுகள் அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். 2016 இல் ஊடகவியலாளர் ஒருவர் காரணத்தைக் கண்டறிந்த பின்னரே, அந்நிறுவனம் அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு நகர்த்தியது.

ஒழுங்கான முகவரிகள் உள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால் நமது முகவரிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் சிலவற்றைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் விரிதாளே நம்மைக் காட்டிக்கொடுக்கின்றது. காணி பிரிக்கப்பட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட வீடுகளுக்கு 5/3, 12/4 என இலக்கமிடுவது நம் வழக்கம். எக்செல் மென்பொருள் 5/3 என்பதைத் திகதியென நினைத்து மார்ச் 5 என்றோ மே 3 என்றோ மாற்றிவிடும். கொள்ளுப்பிட்டியின் தபாற்குறியீடான 00300 வெறும் 300 ஆகச் சுருங்கும். தட்டச்சுச் செய்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நூறு வீடுகளின் இலக்கங்கள் நாட்காட்டியாக மாறியிருக்கும். நிரலை முன்கூட்டியே 'எழுத்து' வடிவத்தில் அமைத்துவிட்டால் இத்தொல்லை எழாது.

அடுத்தது பெயர்கள். கொம்பனித்தெரு என நாம் அழைப்பது சிங்களத்தில் கொம்பஞ்ஞவீதிய, ஆங்கிலத்திலோ முன்னர் சிலேவ் ஐலன்ட் என வழங்கியது. பார்சன்ஸ் வீதி சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையாகவும், கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையாகவும் மாறி நெடுங்காலமாயிற்று. ஆயினும் முதியவர்கள் பழைய பெயரையே எழுதுவர். வட்டுக்கோட்டை போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது யாழ்ப்பாணத்தார் 'டி' எழுத்தை இரட்டிப்பர். வேறு சிலர் 'ரி' எழுத்தை இரட்டிப்பர். கணினிக்கு இவை இரண்டு ஊர்கள். மாறாக, உண்மையிலேயே பல ஊர்கள் ஒரே பெயரைக் கொண்டிருப்பதும் உண்டு. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. மாவட்டப் பெயரில்லாமல் அனுப்பப்படும் பட்டியலில் எதனைத் தெரிவு செய்வது என்பதைக் கணினி நம்மைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை.

'பள்ளிவாசலுக்குப் பின்புறம்', 'பிள்ளையார் கோயிலடி', 'சந்தியிலிருந்து இரண்டாவது ஒழுங்கை' என்பன தபாற்காரருக்குப் போதுமான முகவரிகள். அவர் அவ்வூரின் மனிதர். அவற்றைக் குறைபாடுள்ள முகவரிகள் என்று தொழில்நுட்பவியலாளர் சிலர் கூறுவது பொருந்தாது. அவை வேறொரு வாசகருக்காக எழுதப்பட்டவை, அவ்வளவே.

ஆனால் பெருந்தோட்டங்களின் நிலை அத்தகையதன்று. லயன் அறையில் வாழும் குடும்பத்தின் முகவரி என்பது தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அருகிலுள்ள நகரம் ஆகிய மூன்றோடு முடிந்துவிடும். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து ஆள்மூலம் லயனுக்குப் போவதே நெடுங்கால வழக்கம். ஒரு பிரிவில் வாழும் நூறு குடும்பங்களுக்கும் ஒரே முகவரி. அப்பட்டியலைப் புவிக்குறியிட்டால் நூறு குடும்பங்களும் தொழிற்சாலையின் மீதோ நகரத்தின் நடுவிலோ ஒரே புள்ளியாவர். மண்சரிவு ஒரு லயனை மூடி, அடுத்த லயனைத் தொடாமல் விட்டுவிடக்கூடியது. அங்கே இருநூறு யார் தூரம் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரமாகும். நாம் பார்த்த தேசப்படத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் குவிந்து கிடந்தவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் இத்தகைய தோட்டக் குடும்பங்களே. தனி வீடும் தனி முகவரியும் வேண்டுமென்று மலையக மக்கள் நெடுங்காலமாக எழுப்பும் கோரிக்கைக்குப் பின்னால் இத்தகைய அவலமும் உண்டென்பதைக் கொழும்பில் இருப்போர் உணர்தல் வேண்டும்.

இடம்பெயர்ந்தோரின் பட்டியல்களில் வேறொரு சிக்கல் எழுகின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்களாயினும், போரினால் பல தடவை இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்களாயினும், படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் எழுதியது தாம் அன்றிருந்த இடத்தையன்று, திரும்பிச் செல்ல விரும்பிய இடத்தை. அந்நிரலைத் தேசப்படமாக்கினால் ஆளில்லாத வீடுகளின் படம் கிடைக்கும். 'தற்காலிக முகவரி' நிரலைத் தேசப்படமாக்கினால் முகாம்களின் படம் கிடைக்கும். இரண்டும் உண்மையே. எந்தக் கேள்விக்கு எது விடை என்பதைத் தீர்மானிப்பது விரிதாளின் வேலையன்று.

கணினி தரும் எண்களையும் ஒரு தடவை கண்ணால் பார்த்தல் நலம். இலங்கையின் அகலாங்கு ஏறத்தாழ 6 முதல் 10 வரையும், நெட்டாங்கு 79 முதல் 82 வரையும் அமையும். இவ்விரு நிரல்களையும் இடம் மாற்றிவிட்டால் யாழ்ப்பாணத்து வீடு நோர்வேக்கு வடக்கே, ஸ்வல்பார்ட் தீவுகளை அண்டிய ஆர்க்டிக் கடலில் போய் விழும். இது அடிக்கடி நிகழும் தவறு, சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். எவரும் சிரிக்காத தவறு, வீடு அடுத்த கிராமத்தில் போய் விழுவதே. அது சரியானது போலவே தோன்றும்.

இனி, இவற்றையெல்லாம் திருத்தி ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய கூரையின் மீதே வைத்துவிட்டோம் என்று கொள்வோம். அப்போதுதான் மற்றைய ஆபத்து ஆரம்பமாகின்றது.

1941 இல் நாசி ஜேர்மனியின் ஆக்கிரமிப்பிலிருந்த அம்ஸ்டர்டாம் நகரில், மாநகர புள்ளிவிபரப் பணியகம் தேசப்படமொன்றைத் தயாரித்தது. அவ்வாண்டு ஜனவரியில் யூதர்கள் யாவரும் தம்மைப் பதிவுசெய்ய வேண்டுமெனக் கட்டளையிடப்பட்டிருந்தது. மே மாதத்தில் நிறைவுற்ற தேசப்படத்தில், நகரின் வீதிகள் மீது கரும்புள்ளிகள் நேர்த்தியாக இடப்பட்டிருந்தன. ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். அதனைத் தயாரித்தவர்கள் கொலைகாரரல்லர். கணக்கில் தேர்ந்த அலுவலர்கள். நெதர்லாந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டனர். 1943 மார்ச்சில் அந்நகர எதிர்ப்பியக்கத்தினர் குடிசனப் பதிவகத்துக்குத் தீவைத்தனர். அந்த அட்டைகளின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமது வாசகர்களுக்கு அம்ஸ்டர்டாம் வரை செல்ல வேண்டிய அவசியமில்லை. 1983 ஜூலையில் கொழும்பின் வீதிகளில் திரண்ட கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை இனங்கண்டமை, கண்டவர்களின் சாட்சியங்களிலும் பல நூல்களிலும் பதிவாகியுள்ளது. வாக்காளர் இடாப்பு என்பதும் முகவரிப் பட்டியலே. 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நேரில் கண்ட தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. நல்ல நோக்கத்தோடு தொகுக்கப்படும் பட்டியலொன்று, பெயரும் புள்ளியுமாக இணையத்தில் எவரும் திறந்து பார்க்கத்தக்கதாகக் கிடப்பது எத்தகையது என்பதை இந்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது உண்மையே. ஆயினும் வட்ஸ்அப்பில் அனுப்பப்படும் விரிதாளைச் சட்டம் துரத்திப் பிடிக்கும் என எதிர்பார்ப்பது கடினம்.

பெயரை நீக்கிவிட்டால் போதுமென்று சிலர் எண்ணக்கூடும். போதாது. நோயாளரின் வீடுகளைப் புள்ளிகளாகக் காட்டும் தேசப்படங்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2006 இல் ஒரு பரிசோதனை நடத்தினர். பொஸ்டன் நகரின் 550 முகவரிகளைப் பெயரெதுவுமின்றித் தெளிவு குறைந்த படமொன்றில் புள்ளிகளாக இட்டு, பின்னர் அப்புள்ளிகளிலிருந்து முகவரிகளை மீட்டெடுக்க முயன்றனர். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட முகவரிகள் துல்லியமாக மீண்டன. முகவரியைப் புள்ளியாக்கலாம் என்றால், புள்ளியையும் முகவரியாக்கலாம். டெங்கு நோயாளருக்குப் பெரிய பாதிப்பில்லை என்று வைத்துக்கொண்டாலும், காசநோயாளர் பற்றியோ விதவைகள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பற்றியோ அவ்வாறு கூற முடியுமா?

பத்திரிகையாளராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2012 டிசம்பரில், நியூயோர்க் மாநிலத்தின் 'த ஜேர்னல் நியூஸ்' பத்திரிகை, இரு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் இணையத் தேசப்படமாக வெளியிட்டது. பட்டியல் சட்டப்படி பகிரங்கமானது; தகவல் பெறும் உரிமையைப் பயன்படுத்திப் பெறப்பட்டது. ஆனால் அலுவலகக் கோப்பில் கிடக்கும் பகிரங்கமும் அயல்வீட்டார் தொலைபேசியில் தட்டிப் பார்க்கும் பகிரங்கமும் ஒன்றல்ல என்பது உடனேயே வெளிப்பட்டது. எதிர்ப்பாளர்கள் அப்பத்திரிகை ஊழியர்களின் வீட்டு முகவரிகளைப் பதிலுக்கு வெளியிட்டனர். அலுவலகத்துக்கு ஆயுதந்தாங்கிய காவல் தேவைப்பட்டது. 2013 ஜனவரியில் தேசப்படம் அகற்றப்பட்டது. துப்பாக்கி விடயத்தில் வாசகரின் நிலைப்பாடு எதுவாயினும், அப்பத்திரிகை தன் தேசப்படத்தினால் எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்பதை இறுதிவரை தெளிவாகச் சொல்லவில்லை என்பதே எமது அபிப்பிராயம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் குவிந்த குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என வாசகர்கள் கேட்கலாம். அத்தொண்டர் குழுவினர் தமது தேசப்படத்தை இரண்டு நாட்களில் கைவிட்டனர். பின்னர் தோட்டங்களைச் சேர்ந்த இளைஞர்களையும் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, போகக்கூடிய லயன்களுக்கெல்லாம் நடந்தே சென்று, வாசலில் நின்று கைத்தொலைபேசியில் இடத்தைப் பதிந்தனர். விரிதாளில் புதிதாக ஒரு நிரல் சேர்க்கப்பட்டது. நேரில் பார்த்தது, ஊரார் சொன்னது, கணினி தந்தது என மூன்றுள் ஒன்றை அதில் எழுத வேண்டும். தேசப்படத்தில் இவை மூன்றும் மூன்று நிறங்களாயின. வெளியாருக்குக் காட்டும் பிரதியில் வீடுகள் இல்லை. கிராம அலுவலர் பிரிவுக்கு எத்தனை குடும்பங்கள் என்ற எண்ணிக்கை மாத்திரமே இருந்தது. இறுதிவரை இடங்காண முடியாத பதினொரு குடும்பங்களை அவர்கள் எந்தப் புள்ளியிலும் வைக்கவில்லை. தேசப்படத்தின் ஓரத்தில், 'இன்னும் தேடப்படுவோர்' என்ற தலைப்பின் கீழ், பட்டியலாகவே விட்டிருந்தனர்.